மீட்டர் சொன்ன நிறம்

மானிட்டரின் பொத்தான்கள்மேல் செல்வி ஒட்டி வைத்திருந்த டேப்பை மறுபடியும் யாரோ பிய்த்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, கடை முதலாளி ஜெயப்பிரகாஷ்தான். கள்ளக்குறிச்சியில் அவருடைய ஸ்டுடியோவுக்கு ஆல்பம் பார்க்க வருகிற கல்யாண வீட்டார் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இன்னாங்க, மானிட்டர் மங்கலா கீது?" கேட்டவர்கள் மனம் குளிர, அவர் குனிந்து பொத்தானை நாலு அமுக்கு அமுக்கி வெளிச்சத்தை உச்சிக்கு ஏற்றிவிடுவார். அவர்கள் போன பிறகு அதை இறக்கி வைக்க வேண்டும் என்பது மட்டும் இந்த ஏழு வருடத்தில் ஒரு நாளும் அவருக்கு நினைவு வந்ததில்லை.

"அண்ணே, டேப்பப் பிய்க்காதீங்கன்னு எத்தினி தடவ சொல்றது?"

"கஸ்டமர் பாக்கணும்ல மா? கரண்டு போனப்ப கல்யாணம் பண்ண மாதிரி கீது."

"இது கஸ்டமர் பாக்கறதுக்கு இல்லண்ணே. நான் பாக்கறதுக்கு."

செந்தமிழ்ச்செல்வி என்று அப்பா ஆசையாக வைத்த பெயரைக் கடையில் செல்வி என்று வெட்டிவிட்டார்கள். ரிஷிவந்தியத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸைப் பிடித்து வந்து, அந்த மானிட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவாள். ஆல்பம் அடுக்குவது, நிறம் திருத்துவது எல்லாம் அவள் பொறுப்பு. பொறுப்பு அவளுடையது, பொத்தான் அவருடையது. அதுதான் அவளுக்கு எரிச்சல். அவர் ஏற்றி வைத்த வெளிச்சத்தை நம்பி அவள் படத்தின் வெளிச்சத்தைக் குறைப்பாள். சேலத்து லேபிலிருந்து பிரிண்ட் வரும்போது பெண் வீட்டாரில் பாதிப் பேர் இருட்டில் நின்றுகொண்டிருப்பார்கள். அதற்கு ஜெயப்பிரகாஷ் கண்டுபிடித்த மருந்து, எல்லார் முகத்தையும் ஒரே அமுக்கில் வெளுப்பாக்குகிற ஒரு பொத்தான். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'கலர் ஏத்தறது'.

அப்படிக் கலர் ஏற்றிய ஆல்பத்தைத்தான் சுபலட்சுமி செப்டம்பரில் திருப்பிக் கொண்டுவந்தாள்.

மலைமேல் இருக்கும் கரியாலூர்க்காரி. அப்பா காத்தான், அந்த மலையில் சாமையும் தினையும் போடுகிறவர். இவள் அங்குள்ள ஏரிப் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறாள். ஆவணியில் சாயங்கால முகூர்த்தமாக, வீட்டு வாசலில் பந்தல் போட்டு, நாலு பல்பும் குத்துவிளக்கும் எரிய நடந்த கல்யாணம். புருஷன் முருகவேலோடு வந்தவள் ஆல்பத்தைக் கவுண்டர் மேல் விரித்தாள். சண்டைக்கு வந்தவள் மாதிரியே இல்லை.

"நல்லாத்தாங்க கீது. ஆனா இதுல நானு எங்க இருக்கறன்?"

"இதோ, நடுவுல மா," என்றார் ஜெயப்பிரகாஷ்.

"எங்கம்மாவே கேக்குது, மாப்ள பக்கத்துல நிக்கற பொண்ணு யாருன்னு. எங்கூட்டு ஆளுங்க எல்லாம் மாவு மூட்டையில வுழுந்து எழுந்த மாதிரி கீறாங்க."

"கலர் ஏத்திக் குடுத்திருக்கோம் மா. எல்லாரும் கேட்டு வாங்குவாங்க."

"நானு கேக்கலீங்களே. நானு எப்டி கீறனோ அப்டியே போட்டுக் குடுங்க, அது போதும்."

ஏழு வருடத்தில் ஒரு மணப்பெண் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து செல்வி கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உயிரை எடுப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "உன் கலரு உனக்கு வரும் மா. நான் பொறுப்பு," என்று முதலாளி வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, சுலபம் இல்லை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே கம்ப்யூட்டர் கணக்கில் இருநூற்று ஐம்பத்தாறு படிகள். அந்தப் படிகள் எந்த வேகத்தில் ஏறுகின்றன என்பதைக் காமா என்ற ஒரு எண் சொல்லும். அது தப்பாக இருந்தால், மானிட்டர் கீழ்ப்படிகள் எல்லாவற்றையும் ஒன்றாக அமுக்கி ஒரே கறுப்பாக்கிவிடும், இல்லையென்றால் சாம்பல் பூசின மாதிரி தூக்கிக் காட்டும். வெளுத்த முகத்துக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. அது மேல்படியில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் நின்ற சுபலட்சுமியின் கன்னமும் கழுத்தும் கூந்தலும் இருந்தது எல்லாம் அந்தக் கீழ்ப்படிகளில்தான். அங்கே நாலு படி தவறினால் அவள் அவளாக இருக்க மாட்டாள்.

அதற்கு ஒரு மீட்டர் உண்டு. சோப்பு டப்பா அளவு இருக்கும். மானிட்டர் முகத்தோடு ஒட்டினாற்போல் தொங்கவிட்டால், திரையில் மாறி மாறி வருகிற நிறங்களை அடிப்பக்கத்தில் உள்ள கண்ணால் அளந்து, எங்கே எவ்வளவு தப்பு என்று கண்டுபிடித்து, அதற்குத் தக்கபடி கம்ப்யூட்டரைத் திருத்தும். அதை வாங்கித் தரச் சொல்லி அவள் ஒரு வருடமாகத் தொண்டை வறள அனத்திக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த ஆல்பத்தைக் காட்டி ஒரு வழியாக வாங்க வைத்தாள்.

முதல் தடவை அளந்து முடித்தபோது திரை கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. ஜெயப்பிரகாஷ் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"இன்னா மா, மஞ்சக்காமாலை வந்துச்சா இதுக்கு?"

"இத்தினி நாளு நீலமா இருந்துச்சு, நம்ம கண்ணு அதுக்குப் பழகிடுச்சுண்ணே. கண்ணு பழகினதச் சொல்லும். மீட்டரு இருக்கறதச் சொல்லும்."

தன் கையைத் தானே படம் எடுத்து, திருத்தி, லேபுக்கு அனுப்பினாள். பிரிண்ட் வந்ததும் அதைக் கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் கையோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். எது கை, எது காகிதம் என்று ஒரு நிமிஷம் சந்தேகமே வந்தது. அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. எதிர்க்கடை டீ மாஸ்டர் வரைக்கும் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் "கைதான கீது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. அவள் ரிஷிவந்தியத்தில் மாமனாரின் டிராக்டருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தாள். கடைப் பூஜையை ஜெயப்பிரகாஷின் மனைவி அம்சவள்ளிதான் எப்போதும் செய்வாள். செய்தால் முழுசாகச் செய்வாள். விஜயதசமி காலையில் செல்வி வந்து பார்த்தபோது கேமராவுக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு, முக்காலியின் மூன்று காலுக்கும் தனித்தனியாகப் பொட்டு, மவுசுக்கு, நாற்காலிக்கு, மானிட்டர் சட்டத்தின் நாலு மூலைக்கும் பொட்டு. மீட்டரின் முதுகிலும் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். செல்விக்குச் சிரிப்பு வந்தது. தன்னுடைய மீட்டரையும் கடையில் ஒரு ஆயுதமாகச் சேர்த்துக்கொண்டார்களே என்று ஒரு திருப்தியும்தான். சாமிக்கு வைத்த பொட்டை யார் அழிப்பார்கள்? அப்படியே எடுத்து மானிட்டரில் தொங்கவிட்டாள்.

நல்ல நாள். பூஜைக்குப் பிறகு முதல் வேலை சுபலட்சுமியின் ஆல்பமாக இருக்கட்டும் என்று முடிவு செய்திருந்தாள். மாதம் ஒரு தடவை அளக்கச் சொல்லி மென்பொருளும் ஞாபகப்படுத்தியது, அளந்துவிட்டே ஆரம்பிக்கலாம். திரையில் சிவப்பும் பச்சையும் சாம்பலும் இருபது நிமிஷம் மாறி மாறி வந்தன. கடைசியில் பச்சையில் ஒரு டிக் அடித்து, எல்லாம் சரி என்றது.

"செல்வி, நீலம் அடிக்குது மா," என்றார் ஜெயப்பிரகாஷ் அவள் பின்னால் நின்று.

"போன மாசம் மஞ்சள்னு சொன்னீங்க."

"போன மாசம் மஞ்சளா இருந்துச்சு. இப்ப நீலமா கீது. கறுப்பு வேற வெளிறிப் போயி கீது பாரு."

"அண்ணே, மீட்டரு டிக்கு அடிச்சிருக்கு. அதுக்கு மேல நீங்க இன்னா, நான் இன்னா?"

அவர் குனிந்து பொத்தானைப் பார்த்தார், அதன் மேல் ஒட்டியிருந்த புது டேப்பைப் பார்த்தார், போய்விட்டார். இந்த மனுஷனோடு ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் மல்லுக்கட்டுவது என்று செல்வி வாய்விட்டே அலுத்துக்கொண்டாள்.

நாலு நாள் உட்கார்ந்து அந்த ஆல்பத்தைச் செய்தாள். படங்கள் மஞ்சள் குறைந்து, கொஞ்சம் குளிர்ந்து தெரிந்தன. விளக்கு வெளிச்சத்துக்கு ஏற்றபடி சிவப்பும் மஞ்சளும் சேர்த்தாள். இருட்டுப் பகுதிகள் வெளிறித் தெரிந்தன, அளவாக இறக்கினாள். எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான். லேபிலிருந்து ஆல்பம் வந்ததும் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். திரையைவிடப் பிரிண்ட் சிவப்பாகவும் இருட்டாகவும் இருந்தது. லேபுக்குப் போன் போட்டாள். எங்கள் மிஷினைக் காலையில்தான் சரிபார்த்தோம் என்றார்கள். டியூப்லைட்டைப் பார்த்தாள். ஜெயப்பிரகாஷ் ஆசைப்பட்டு அடித்த கிளிப்பச்சைச் சுவரைப் பார்த்தாள். இந்தச் சுவருக்கு நடுவில் எந்தக் காகிதம்தான் ஒழுங்காகத் தெரியும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் சுபலட்சுமி வந்தாள். முருகவேல் பைக்கை நிறுத்தப் போயிருந்தான். செல்விக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். நாலாவது பக்கத்தில் நிறுத்தினாள்.

"அக்கா, இவ்ளோ கருப்பாவா இருக்கறேன் நானு?"

செல்விக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதமாக எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் குத்தினார்கள். மங்கல், மஞ்சள், நீலம். தன்னை அப்படியே போடு என்று கேட்டு வந்த இந்தப் பெண்ணும் இப்போது கடைசியில் அதே பாட்டைத்தான் பாடுகிறாள். அவள் மானிட்டரைத் திருப்பிக் காட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"இங்க பாரு மா. நான் ஏத்தவும் இல்ல, எறக்கவும் இல்ல. மிஷினு அளந்து சொன்னது. நீதான அப்டியே போடச் சொன்ன? இதான் உன் கலரு."

"செவப்பா வேற, ஒரு மாதிரி..."

"வெளக்கு வெளிச்சம். கண்ணு ஏமாத்தும் மா. மீட்டரு ஏமாத்தாது."

சுபலட்சுமி ஆல்பத்தை மூடினாள். முருகவேல் உள்ளே வந்து "நல்லா வந்துக்குதா?" என்று கேட்டதற்கு, "ம்" என்று எழுந்துவிட்டாள். போகும்போது போய்ட்டு வரேன் என்றுகூட சொல்லவில்லை. கடைசியில் எல்லாரும் ஒன்றுதான் என்று செல்வி கசப்போடு நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆதிமூலம் வாத்தியார் வந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் குரூப் போட்டோவை உறையிலிருந்து உருவி, மேசைமேல் போட்டார்.

"எங்க ஸ்கூல்ல யூனிபாரத்த எப்பங்க மாத்துனாங்க? எனக்கே தெரியாது."

செல்வி பார்த்தாள். அறுபத்து மூன்று பிள்ளைகள். அறுபத்து மூன்று வெள்ளைச் சட்டைகளும் இளம் ரோஸ் நிறத்தில் இருந்தன.

"ஹெச்.எம். இன்னா கேட்டார் தெரியுங்களா? புள்ளைங்க ஹோலி வெளையாடிட்டு வந்து நின்னுதான்னு கேட்டார்."

திரையில் அதே படத்தைத் திறந்தாள். சட்டைகள் அங்கே வெள்ளை வெளேரென்று இருந்தன. கல்யாணத்தில் முருகவேல் கட்டியது பட்டு வேட்டி. அது சந்தன நிறத்தில் இருந்தாலும் சிவந்து இருந்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பள்ளிக்கூடச் சட்டை அப்படி இல்லை.

வாத்தியாரை உட்கார வைத்துவிட்டு, மீட்டர் இல்லாத காலத்தில் அவள் பயன்படுத்திய ஒரு பழைய படத்தைத் தேடித் திறந்தாள். கறுப்புக் கோடு, வெள்ளைக் கோடு, கறுப்புக் கோடு என்று மயிரிழை மயிரிழையாக நிறைந்த ஒரு கட்டம். அதன் நடுவில் வெறும் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தால் கோடுகள் கலந்து சாம்பலாகத் தெரியும். காமா சரியாக இருந்தால் நடுச்சதுரம் அந்தச் சாம்பலில் கரைந்து காணாமல் போகும். தப்பாக இருந்தால் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அவள் எழுந்து சுவர் வரை பின்னால் போனாள். கண்ணை இடுக்கினாள். சதுரம் கரையவில்லை. வெளிறி, லேசான நீலத்தில், நட்ட நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

ஜெயப்பிரகாஷும் வந்து கண்ணை இடுக்கினார். ஆதிமூலம் வாத்தியாரும் எதற்கென்று தெரியாமலே இடுக்கினார்.

"நீலமாத்தான கீது?" என்றார் ஜெயப்பிரகாஷ் மெதுவாக.

செல்வி உறையிலிருந்து மீட்டரை எடுத்தாள். முதுகில் காய்ந்த பொட்டு அப்படியே இருந்தது. கையில் வாங்கிய நாளிலிருந்து எத்தனையோ தடவை எடுத்திருக்கிறாள், வைத்திருக்கிறாள். ஆயுத பூஜைக்குப் பிறகு ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. இப்போது திருப்பினாள்.

மீட்டரின் கண்ணில், பள்ளமாக இருக்கும் அந்தச் சின்ன வட்டத்தில், மெல்லிசாகச் சந்தனம் இழுகி, அதன் நடுவில் குங்குமம் படிந்து காய்ந்திருந்தது.

அந்தப் பாவப்பட்ட கருவி மூன்று வாரமாகக் குங்குமம் வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. திரை ஒரேயடியாகச் சிவந்து கிடக்கிறது என்று நம்பி, சிவப்பைக் குறைத்து நீலத்தை ஏற்றியிருக்கிறது. இருட்டுப் படிகளில் அதற்குக் கண்ணே தெரியவில்லை. ரொம்பக் கறுப்பாக இருக்கிறதென்று எண்ணிக் கீழ்ப்படிகளைத் தூக்கிவிட்டிருக்கிறது. அதை நம்பி இவள் சிவப்பைக் கொட்டி, கறுப்பை இறக்கியிருக்கிறாள். பச்சையில் டிக் வேறு.

"அண்ணி!" என்று அவள் போட்ட சத்தத்தில், பின்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்சவள்ளி கத்தியோடு ஓடிவந்தாள்.

"இதுக்குள்ள பொட்டு வெச்சது நீங்களா?"

அம்சவள்ளி வாங்கிப் பார்த்தாள். "நாந்தான். ஏன்?"

"முதுகுல வெச்சீங்க, சரி. கண்ணுல ஏன் அண்ணி வெச்சீங்க?"

"அது கண்ணுன்னு எனக்கு இன்னா தெரியும்? முன்பக்கம் எதுன்னு கேக்க நீயும் ஊர்ல இல்ல. முதுகுல மட்டும் வெச்சா நல்லா இருக்குமா? திருப்பிப் பாத்தேன், வட்டமா பள்ளமா இருந்துச்சு. பொட்டு வெக்கறதுக்குன்னே விட்ட எடம் மாதிரி. கச்சிதமா ஒக்காந்துச்சு தெரியுமா?" என்றாள். கொஞ்சம் யோசித்து, "அப்பறம் ஜாஸ்தியா ஆயிடுச்சோன்னு ஈரத்துணியில தொடச்சிக்கூட வுட்டேனே," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

துடைத்ததுதான் வினை. துடைக்காமல் விட்டிருந்தால் மீட்டருக்கு ஒன்றுமே தெரியாமல் போய், வேலை செய்ய மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கும். செல்வி கத்தலாமா அழலாமா என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியிலும் பொட்டு.

"நானு அன்னிக்கே சொன்னேன்ல?" என்றார் ஜெயப்பிரகாஷ். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவர் சொன்னது சரியாகிவிட்டது. கடை வாசல் வரை போய், திரும்பி வந்து, இன்னொரு தடவையும் சொன்னார்.

"சொன்னீங்கண்ணே. நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் கேக்கல," என்றாள் செல்வி. அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு கூசியது. ஆனால் அதைவிடப் பெரிய கூச்சம் பின்னாலேயே வந்தது. இதான் உன் கலரு. அவளே சொன்னது, அவள் குரலிலேயே காதில் கேட்டது. ஒரு பெண்ணை உட்கார வைத்து, குங்குமம் அப்பிய கருவியைச் சாட்சிக்கு வைத்து, நீ இப்படித்தான் இருக்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருக்கிறாள். சொல்லும்போது அதட்டல் வேறு. மண்டையில் இரண்டு போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கி வந்து, பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, அந்தப் பள்ளத்தை நூல் நூலாகத் துடைத்தாள். முதுகுப் பொட்டை மட்டும் விட்டுவைத்தாள்; அம்சவள்ளி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். மறுபடி அளந்தாள். முடிந்ததும் கோட்டுப் படத்தைத் திறந்து, சுவர் வரை போய்க் கண்ணை இடுக்கினாள். சதுரம் கரைந்து காணாமல் போயிருந்தது. மீட்டர் இந்தத் தடவையும் அதே பச்சை டிக்கைத்தான் அடித்தது.

வெள்ளைச் சட்டைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாத்தியாரிடம் ஒரு வாரம் தவணை கேட்டுவிட்டு, சுபலட்சுமியின் ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். பழைய திருத்தம் எல்லாவற்றையும் அழித்தாள். நல்ல திரையில் பார்க்கும்போதுதான் அவள் செய்திருந்த அட்டூழியம் தெரிந்தது. கன்னத்தில் இருந்த பளபளப்பை அமுக்கி, கழுத்தையும் தாலிச் சரட்டையும் ஒரே இருட்டில் தள்ளி, முகம் முழுக்கச் செங்கல் பொடி தூவின மாதிரி ஆக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு படத்தையும் பார்த்து ஒவ்வொரு தடவையும் தன்னைத் திட்டிக்கொண்டாள். போன் போட்டுச் சொல்லலாம் என்று நாலைந்து தடவை எண்ணை எடுத்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டாள். புது ஆல்பத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது ஒன்றுதான் முறை என்று பட்டது. ஜெயப்பிரகாஷ்கூட அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை மலைக்குப் போகிற பஸ்ஸில், ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கரியாலூர் போய் இறங்கினாள். வாரநாள் என்பதால் படகுத்துறையில் கூட்டம் இல்லை. டிக்கெட் அறைக்குள் சுபலட்சுமி தனியாக உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கத்து ஆணியில் ஒரு சின்னக் கண்ணாடி தொங்கியது. கீழே பலகைமேல் டிக்கெட் கட்டு, பேனா, புதுசாகப் பிரித்த ஒரு சிவப்பழகு கிரீம் டியூப்.

"வாங்க," என்றாள் சுபலட்சுமி. அக்கா என்று சொல்லவில்லை. ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

செல்வி ஆல்பத்தைப் பலகைமேல் வைத்துத் திறந்தாள். பேச வேண்டியதை எல்லாம் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தாள். இப்போது ஒன்றும் வரிசையாக வரவில்லை. ஆயுத பூஜை, பொட்டு, மீட்டரின் கண், ஈரத்துணி என்று குழறிக் குழறிச் சொன்னாள். சொல்லிக்கொண்டே, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"பொட்டா?" சுபலட்சுமியின் குரலில் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. "பொட்டு வெச்சதுக்கா இத்தினியும்?"

"ஆமா மா. மிஷினு மேல தப்பு இல்ல. அத நம்பி நான் பேசினது தப்பு. அன்னிக்கு அந்த மாதிரி சொல்லியிருக்கக் கூடாது."

வெளியே யாரோ வந்து ரெண்டு டிக்கெட் கேட்டார்கள், சுபலட்சுமி கிழித்துக் கொடுத்தாள்.

"அன்னிக்கு ஊட்டுக்குப் போயி கண்ணாடியில பாத்தேன். மொத மொத அந்த வெள்ளையடிச்ச ஆல்பம் வந்தப்ப எனக்கு ஒரு டவுட்டும் இல்ல. இது நானு இல்லன்னு தெரிஞ்சுது, திருப்பிக் குடுத்துட்டேன். நீங்க மிஷினே சொல்லுச்சுன்னு சொன்னதும், கண்ணாடியில பாத்தா அப்டித்தான் தெரியுது. இத்தினி நாளு நாமதான் தப்பா நெனச்சிக்கினு இருந்தோமாட்ட இருக்குதுன்னு." டியூபை எடுத்து டிக்கெட் கட்டுக்குப் பின்னால் தள்ளினாள். "அந்த ஆல்பத்த யார்கிட்டயும் காட்டல. எங்கம்மா கேட்டதுக்கு, இன்னும் வர்லன்னு சொல்லிட்டேன்."

செல்விக்கு அங்கேயே தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. வெளுப்பாக்கிக் கொடுத்த ஜெயப்பிரகாஷால் முடியாத காரியத்தை, உன்னை உன் நிறத்தில் காட்டுகிறேன் என்று சத்தியம் செய்த இவள் முடித்துவிட்டிருக்கிறாள். "இதப் பாரு மா, இது சரியா வந்திருக்கு," என்று அவசரமாக நாலாவது பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இத மட்டும் எப்டி நம்பறது?"

மறுபடியும் மீட்டர் டிக் அடித்தது என்று சொல்ல முடியாது.

சுபலட்சுமியே எழுந்தாள். ஆணியிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, ஆல்பத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து, படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக் குனிந்தாள். படத்தைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். செல்வி மூச்சை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நிழல் சரியா, கழுத்தில் சரடு தெரிகிறதா, கறுப்பு அடைத்துக்கொண்டதா?

"செரியாத்தாங்க கீது," என்றாள் சுபலட்சுமி.

செல்விக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "அப்பாடா," என்று சொல்லியும்விட்டாள்.

"ஒன்னு கேக்கட்டுமாக்கா? அன்னிக்கு நானு உங்க எதுருலதான குந்திக்கினு இருந்தேன். மிஷினக் காட்டுனீங்க, காயிதத்தக் காட்டுனீங்க. என் மூஞ்சிய ஒரு தடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே?"

செல்வி ஆல்பத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். இரண்டு மாதமாகப் பொழுதன்னிக்கும் பார்த்துக்கொண்டிருந்த முகம்தான். நேரில் இப்போதுதான் பார்த்தாள்.